பதினாறில் ஒருத்தி

கொழும்பு
4.9.2025

அன்புள்ள ஜீவா,

ஊருக்கு முன்னால் உன்னை அண்ணி என்று கூப்பிடுகிறேன். காகிதத்திலாவது நீ பழைய ஜீவாவாகவே இரு. எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமை, நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் போய்விடாது.

முதலில் என்னைத் திட்டி முடித்துவிடு. ஹோட்டலில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தவள், 'இலங்கை' என்று எழுதிய பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பேப்பரில் சிரித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? உண்மையைச் சொல்லியிருந்தால் யோகேஸ் அண்ணன் என் பையை வாங்கி அலுமாரியில் பூட்டியிருக்கும். அது உனக்கும் தெரியும்.

போனை முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். முடியும்வரை கிடையாது. கடிதம் எழுதக் கூடாது என்று விதி இல்லை. இந்தக் காலத்தில் யாராவது எழுதுவார்கள் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அதனால்தான் இதை நம் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீட்டு நிரஞ்சனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பதால் தினமும் வந்து போகிறான். பதிலையும் அவனிடமே கொடு, ஹோட்டல் கேட்டில் கொடுத்துவிடுவான்.

ஜீவா, இங்கே அறுபத்து நாலு நாட்டுப் பெண்கள்! எல்லோரும் என்னைவிட உயரம். காலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் எனக்கு யாருடைய முகமும் தெரிவதில்லை, கழுத்துதான் தெரிகிறது. அப்படியும் பயம் வரவில்லை, குதிக்க வேண்டும் போலிருக்கிறது.

இந்த மிஸ் மெரிடியன் போட்டியில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நேற்று விளக்கினார்கள். உனக்குப் பிடித்த விஷயம், எழுதுகிறேன். அறுபத்து நாலில் அரையிறுதிக்கு இருபது பேர். அதில் பதினாறு பேர் நடுவர்களின் புள்ளியால் போகிறார்கள். ஓர் இடம் மக்கள் ஓட்டுக்கு. மீதி மூன்று இடம் நடத்துகிறவர்களின் விருப்பம், அவர்கள் யாரை வேண்டுமானாலும் போடலாம்.

புள்ளி இப்படி: மூடிய அறையில் நேர்முகத்துக்கு நாற்பது, மாலை உடுப்புக்கு முப்பது, நீச்சல் உடுப்புக்கு முப்பது. ஏழு நடுவர். ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் போட்டவருடையதையும் குறைவாகப் போட்டவருடையதையும் வெட்டிவிட்டு மீதி ஐந்தைத்தான் எடுப்பார்கள். யாரோ ஒருவர் நினைத்து ஒருத்தியைத் தூக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. இருபது பேரின் பெயரைக் கூப்பிடும்வரை யாருக்கும் தன் புள்ளி தெரியாது.

எனக்குக் கிரீடம் எல்லாம் வேண்டாம். அந்தப் பதினாறில் ஒருத்தியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். பொய்தான், இருந்தாலும் சொல்.

உன்
பூரணி


டிக்கோயா
6.9.2025

பூரணி,

'அன்புள்ள' போட மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வரலாம்.

உன் போட்டோ வந்த பேப்பரை எனக்கு யார் காட்டியது தெரியுமா? தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையைத் தராசில் வைத்துக்கொண்டே மேல் லயத்து பிரேமினி காட்டினாள். "கணக்கப்புள்ள அம்மா, இது உங்க நாத்தனாருதானே? ஒங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள். முப்பது பொம்பளைகள் வரிசையில் நிற்கிறார்கள். தெரியும் என்று சொன்னேன். பொய் சொன்ன பதற்றத்தில் அவளுக்கு ஒரு கிலோ குறைத்து எழுதி, பிறகு அவளே சண்டை போட்டுத் திருத்தினாள். என்னிடம் சொல்லியிருந்தால் நான் உன் அண்ணனிடம் வாயைத் திறந்திருப்பேனா? பதினாறு வருஷப் பழக்கத்துக்கு நீ கொடுத்த மரியாதை இதுதானா?

உன் அண்ணன் இரண்டு நாளாகப் பேசவில்லை. லொறியை எடுத்துக்கொண்டு பக்டரிக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். நேற்று மட்டும் வாய் திறந்தார். "அந்த உடுப்பப் போட்டுக்கிட்டு ஊரு முன்னால நடக்கப் போறாளாம். நா பாக்க மாட்டேன். யாரும் என்கிட்ட காட்டவும் வேணாம்" என்றார். அம்மாவோ, பேப்பரில் உன் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் சீனி டப்பாவில் ஒட்டிவிட்டார்.

சரி, கோபம் முடிந்தது. இப்போது என் கேள்விகள். அதிகத்தையும் குறைவையும் வெட்டுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது! இங்கே நான் ஒருத்திதான் தராசு. ஈரம் என்று இரண்டு கிலோ வெட்டினால் "இந்தம்மாவுக்குக் கண்ணு தெரியல" என்கிறார்கள். ஏழு கணக்கப்பிள்ளை நின்று நிறுத்து, இரண்டு பேரை வெட்டினால் தோட்டத்தில் சண்டையே இருக்காது. நேர்முகத்துக்குத்தான் அதிகப் புள்ளி என்றால் உனக்கென்ன பயம்? வாய்தானே உன் சொத்து.

நீச்சல் உடுப்புக்கு முப்பது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். உன் அண்ணன் இதைப் படிக்கவில்லை.

அந்த ஓட்டு விஷயத்தை விளக்கமாக எழுது. யார் போடலாம், எப்படிப் போடுவது? இங்கே ஆள் இருக்கிறது.

ஜீவராணி


கொழும்பு
9.9.2025

அன்புள்ள ஜீவா,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். சீனி டப்பா என்ற இடத்தில் சிரித்து, பிறகு அழுது, முகத்தில் போட்டதெல்லாம் கரைந்து, எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஷிராணி அக்காவிடம் திட்டு வாங்கினேன். அவர் சிங்களப் பெண், குருநாகல் பக்கம். திட்டிவிட்டு உடனே, "நங்கி, பயவென்ன எபா" என்றார். தங்கச்சி, பயப்படாதே என்று. நான் பயப்படவே இல்லை, அவருக்கு எப்படிச் சொல்வது?

காலை ஆறு மணிக்கு நடக்கப் பழக்குகிறார்கள். ஆறு அங்குலக் குதி வைத்த செருப்பு. தேயிலை மலையில் சரிவில் கூடையோடு இறங்கினவர்களின் மகளுக்கு இது பெரிய காரியமா என்று நினைத்தேன். பெரிய காரியம்தான். மலையில் கால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், இங்கே தரை கண்ணாடி.

ஓட்டு பற்றிக் கேட்டாய். போட்டியின் இணையப் பக்கத்தில் போக வேண்டும். பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்கும். யாரும் போடலாம், காசு கிடையாது. ஆனால் ஆசைப்படாதே. முன்னால் நிற்கிறவளுக்கு எண்பதாயிரம் ஓட்டு. நான் ஐம்பத்தோராம் இடத்தில் இருக்கிறேன். அந்த ஓர் இடம் பெரிய நாட்டுக்காரிக்குத்தான் போகும். ஓட்டில் முதலாவதாக வந்தவள் புள்ளியிலும் பதினாறுக்குள் வந்துவிட்டால், ஓட்டு இடம் அடுத்தவளுக்குப் போகுமாம். அந்த விதி எனக்குப் பிடித்தது.

இன்னொன்று கேள். இருபது பேரின் பெயரைக் கூப்பிட்ட பிறகு எல்லோருடைய புள்ளியும் பூச்சியம் ஆகிவிடும். அதுவரை எடுத்த கொழுந்தையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கூடையோடு மறுபடி மலை ஏறச் சொல்வது போல. முதலாவதாக வந்தவளும் பதினாறாவதாக வந்தவளும் அன்றைக்குச் சமம். அதனால்தான் சொல்கிறேன், உள்ளே போய்விட்டால் போதும்!

அண்ணன் பார்க்காவிட்டால் பரவாயில்லை. சாப்பிடுகிறதா?

பூரணி


டிக்கோயா
12.9.2025

அன்புள்ள பூரணி, (பார், வந்துவிட்டது)

நீ உட்கார்ந்திருந்தால் எழுந்து நில். நின்றுகொண்டிருந்தால் எதையாவது பிடித்துக்கொள்.

நானூற்றுப் பன்னிரண்டு!

எப்படி என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. புதன் காலை பெரட்டில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்க வந்து நிற்கும்போது சொன்னேன். "நம்ம லெட்சுமி அக்கா மகளுக்கு ஓட்டுப் போடணும், அடையாள அட்டைய எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன். அடுத்த நாள் வந்தார்கள் பார், அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதன் மேல் துணி சுற்றி, நெஞ்சுக்குள் வைத்து. செக்ரோல் பெயரேட்டைத் திறந்து வரிசையாகப் பெயரைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட ஆள் முன்னால் வந்து, என் போனில் தன் பெயரையும் எண்ணையும் நான் அடிப்பதைப் பார்த்து, உன் படத்தின் மேல் தன் விரலாலேயே அழுத்த வேண்டும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் அழுத்த விடவில்லை. புருஷன்மார் சிலர் "நானே ரெண்டு பேருக்கும் போட்டுர்றேன்" என்று வந்தார்கள். ஏசி அனுப்பினேன்.

முதல் ஓட்டு அம்மாவுடையது. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அழுத்தினார். காலையில் பெரட்டிலும், மாலையில் கொழுந்து நிறுத்த பிறகு மடுவக் கொட்டகையிலும், இன்று காலை மீண்டும் பெரட்டிலும் என்று மொத்தத் தோட்டமும் முடிந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரைக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவரையும் வரிசையில் நிற்கச் சொல்லியிருப்பேன்.

ஒரேயொரு ஆள் மட்டும் போடவில்லை. யார் என்று நீயே ஊகித்துக்கொள். லொறிக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரே ஆணியை முடுக்குகிறார்.

எண்பதாயிரம் எல்லாம் எனக்குத் தெரியாது. அந்த ஒருவரை விட்டால், இங்கே செக்ரோலில் இருக்கிற ஒவ்வொரு பெயரும் உனக்குப் போட்டிருக்கிறது. இப்போது எத்தனையாவது இடம்? உடனே எழுது.

ஜீவா


கொழும்பு
14.9.2025

ஜீவா,

நாற்பத்து நாலாம் இடம் வரைக்கும் போனேன். நேற்று மறுபடி ஐம்பத்து மூன்று.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேற்று மதியம் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு திரையைக் காட்டினார்கள். ஒரு போனுக்கு ஒரு ஓட்டுத்தானாம். அது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை, உனக்கும் எழுதவில்லை. ஒரே போனிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வந்ததால், முதல் ஒன்றை வைத்துக்கொண்டு மீதி நானூற்றுப் பதினொன்றையும் வெட்டிவிட்டார்கள். அது போதாதென்று இணையப் பக்கத்தில் 'இலங்கை: போலி ஓட்டுகள் நீக்கப்பட்டன' என்று போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் தெரியும். பாணும் பட்டரும் இருந்த தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்கள்.

கோபம் வந்தது ஜீவா, உன் மேல்தான். நூறு போன் இருக்கிற தோட்டத்தில் எதற்கு ஒரே போனில் போட்டாய்? யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பிள்ளை பிடிக்கிற மாதிரி எல்லோரையும் இழுத்து வந்து, கடைசியில் நான் கள்ளி!

அதைவிட மோசம் இனிமேல்தான். அறையை விட்டு வரும்போது நடத்துகிற குழுவில் ஒருவர் தோளில் தட்டிச் சொன்னார், "கவலைப்படாதே. போட்டி உன் நாட்டில் நடக்கிறது. எங்கள் விருப்ப இடம் மூன்று இருக்கிறதே, ஒன்று உனக்கு உண்டு. ஓட்டுப் பற்றி மட்டும் பேசாமல் இரு." இரவெல்லாம் யோசித்துவிட்டு இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். விருப்ப இடத்துக்கு என் பெயரை எடுக்க வேண்டாம், புள்ளி வந்தால் வரட்டும், வராவிட்டால் நான் வீட்டுக்குப் போகிறேன் என்று. ஷிராணி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. நீ திட்டுவாய் என்று மட்டும் தெரியும்.

பூரணி


டிக்கோயா
15.9.2025

பூரணி,

திட்டத்தான் போகிறேன்.

பிள்ளை பிடித்தேனா நான்? மூன்று நேரம் மழையில் நின்று பெயர் கூப்பிட்டவள் நான். நூறு போன் என்கிறாய். அதில் ஐம்பதில் டேட்டா இல்லை, இருபதில் கண்ணாடி உடைந்திருக்கிறது, மீதியைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஓட்டு என்றால் ஆளுக்கு ஒன்று என்று நினைத்தேன். போனுக்கு ஓட்டுரிமை இருக்கிறது என்று எனக்கு எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்?

போலியா? உன் தாத்தா இந்த நாட்டில் பிறந்து, இந்த மலையில் வேலை செய்து, ஐம்பத்து நாலு வயதில்தான் முதல் ஓட்டுப் போட்டார். அதுவரை அவருக்குப் பிரஜாவுரிமை இல்லை. நம்முடைய ஓட்டு செல்லாது என்று சொல்வது இவர்களுக்கு முன்னாலேயே நடந்த கதை. அந்த நானூற்றுப் பதினொரு பேரிடம் நான் என்ன சொல்வது? இன்று காலை பெரட்டில் சொன்னேன். பிரேமினி மட்டும், "அட்டைய நல்லாத்தானே காட்டினோம்?" என்று கேட்டாள். நான் செக்ரோலை மறுபடி திறந்தேன்.

இதோடு ஒரு கட்டு அனுப்புகிறேன். நிரஞ்சனிடம் பத்திரம் என்று சொல்லியிருக்கிறேன். செக்ரோலைப் பார்த்துப் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தந்த ஆளே கையெழுத்துப் போட்ட காகிதம். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொடி எழுத்துக்காரர்களிடம் காட்டு. இவர்கள் எல்லோரும் உயிரோடிருக்கிற ஆட்கள்.

இனி அந்த விருப்ப இடம். உனக்கு என்ன பைத்தியமா? கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு உள்ளே போகத் தெரியாதா? உள்ளே போனால் எல்லாம் பூச்சியம் என்று நீதானே எழுதினாய்? எந்த வாசல் வழியாக வந்தாய் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? போய் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கு.

ஜீவராணி

பி.கு. கடிதத்தை ஒட்டிவிட்டுப் பிறகு பிரித்து எழுதுகிறேன். என்னைக் கணக்கப்பிள்ளையாகப் போட்டபோது, பொம்பளைக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்பதற்காகப் போட்டார்கள் என்று இரண்டு வருஷம் பேசினார்கள். இன்றைக்கும் தராசில் கை வைக்கும்போதெல்லாம் அது காதில் விழுகிறது. நீ காகிதத்தைத் திரும்ப வாங்காதே.


கொழும்பு
18.9.2025

என் ஜீவாவே,

மூச்சு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். எல்லாம் முடிந்துவிட்டது. செவ்வாய் நேர்முகம், நேற்று நீச்சல் உடுப்பும் மாலை உடுப்பும். புள்ளி போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இனி நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

முதலில் மன்னிப்பு. உன்னைப் பேசியது தப்பு. பிள்ளை பிடிக்கிறது என்று எழுதின கையை வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வேண்டாம், அன்றைக்குக் கையசைக்க வேண்டியிருக்கிறது.

நேர்முகம் ஆளுக்கு நாலு நிமிஷம். நீளமான மேசை, அந்தப் பக்கம் ஏழு பேர். என் கையில் உன் கட்டு. உள்ளே எதையும் கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் தடுத்தார்கள். இது என் ஊர்க்காரர்கள் என்றேன். என்ன நினைத்தார்களோ, விட்டுவிட்டார்கள். இரண்டு கேள்வி சாதாரணம். மூன்றாவதாக நடுவில் இருந்த நரைத்த அம்மா கேட்டார், "உன் ஊரில் உனக்குப் போலி ஓட்டுப் போட்டார்கள் என்று படித்தேன். அதைப் பற்றி என்ன சொல்கிறாய்?"

கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, ஜீவா, நான் பழகி வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் போய், நம்முடைய பெரட்டில் நிற்கிற மாதிரி பேசினேன். இங்கிலீஷில்தான் பேசினேன், ஆனால் அப்படி. நான் சொன்னது இது: "எங்கள் தோட்டத்தில் காலையில் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அந்த ஆள் வந்து நிற்க வேண்டும். என் அண்ணி அப்படித்தான் ஓட்டு வாங்கினாள். ஒரு போன், நானூற்றுப் பன்னிரண்டு விரல். ஒரு போனுக்கு ஓர் ஓட்டு என்பது உங்கள் விதி. அது சரியான விதி, நீங்கள் வெட்டியதும் சரி. எங்களுக்கு அது தெரியாதது எங்கள் தப்பு. ஆனால் அதைப் போலி என்று எழுதினீர்களே, அது பொய். என் தாத்தா ஐம்பத்து நாலு வயதுவரை ஓட்டில்லாமல் இருந்தார். எங்கள் ஆட்கள் ஓட்டை விளையாட்டாகப் போட மாட்டார்கள்." கட்டைப் பிரித்து மேசையில் வைத்தேன். அந்த அம்மா ஒரு பெருவிரல் அடையாளத்தைத் தொட்டுப் பார்த்தார். மணி அடித்துவிட்டது. நன்றி சொல்லக்கூட நேரமில்லை.

நன்றாகச் செய்தேனா, எல்லாவற்றையும் கெடுத்தேனா என்று தெரியவில்லை. நேற்றுக் காலை ஷிராணி அக்கா தன் போனில் காட்டிய இணையப் பக்கத்தில் 'போலி' என்ற வார்த்தை இல்லை. 'ஒரே போனிலிருந்து வந்த ஓட்டுகள்' என்று மாற்றியிருக்கிறார்கள். பெரட்டில் சொல். இன்றைக்கே சொல்!

மாலை உடுப்பில் நன்றாக நடந்தேன். நீச்சல் உடுப்பில் திரும்புகிற இடத்தில் குதி கொஞ்சம் வழுக்கியது. விழவில்லை, ஆனால் பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த முப்பதில் எவ்வளவு போயிருக்குமோ.

நேற்று நடந்ததை இணையப் பக்கத்தில் மட்டும் காட்டினார்கள், ஞாயிறு மாலை ஏழு மணிக்கு டிவியிலேயே போடுகிறார்கள். இருபது பேரையும் பிரித்துத்தான் கூப்பிடுவார்கள். முதலில் புள்ளியில் வந்த பதினாறு (இட வரிசையில் இல்லை, கலைத்துப் போட்டு), பிறகு ஓட்டு, கடைசியில் விருப்ப இடம் மூன்று. பதினாறுக்குள் என் பெயர் வராவிட்டால் டிவியை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போங்கள்.

பூரணி


டிக்கோயா
22.9.2025

அடியே பூரணி!

பெரட்டுக்கு முன்னால் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சகித்துக்கொள்.

நேற்று தோட்டத்துக் கிளப்பில் முந்நூறு பேர். டிவியை மேசை மேல் மேசை போட்டு உயர்த்தி வைத்தோம். பதினாறு பெயர் கூப்பிட நேரம் எடுக்கும், உன் பெயர் கடைசியில்தான் வரும் என்று நான்தான் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நம்பிப் பாதிப் பேர் பிளேன்டீ குடிக்க வெளியே போனார்கள். அம்மா பின்னால் பாண் வெட்டிக்கொண்டிருந்தார். முதல் நாடு கூப்பிட்டார்கள், இரண்டாவது கூப்பிட்டார்கள். மூன்றாவதாக ஸ்ரீலங்கா!

மூன்றாவதாகக் கூப்பிட்டால் யாருக்கடி தயாராக இருக்க முடியும்? உனக்கே தெரியவில்லை, நீ குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாய், பக்கத்திலிருந்தவள் உன்னைப் பிடித்துத் தள்ளினாள். கிளப் கூரைத் தகரம் பறந்துவிடும் போலச் சத்தம். வெளியே போனவர்கள் கிளாஸோடு ஓடி வருகிறார்கள். என்ன நடந்தது என்று அம்மா பாண் கத்தியோடு வருகிறார். "ஒங்க மகளக் கூப்ட்டாங்க!" என்கிறோம். "எங்க கூப்ட்டாங்க?" என்கிறார். "பதினாறுல கூப்ட்டாங்க அக்கா!" என்று பிரேமினி அம்மாவைத் தூக்கிச் சுற்றினாள். கத்தியை யாரோ வாங்கினார்கள், நல்ல வேளை. அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார், அதற்குள் நீ போய்விட்டாய், வேறு நாட்டுக்காரி நிற்கிறாள். அவளையும் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு இருபதிலிருந்து எடுத்த பத்துப் பேரில் உன் பெயர் வரவில்லை. கொஞ்சம் வருத்தம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசிக் கிரீடம் வரைக்கும் பார்த்துவிட்டு, கிரீடம் வாங்கினவளைக் குறை சொல்லிக்கொண்டே போனார்கள்.

உன் அண்ணனா? வரவில்லை. பக்டரியில் லொறிக்கு வேலை என்று ஆறு மணிக்கே போய்விட்டார். பக்டரி காவலரின் அறையில் ஒரு டிவி இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

எப்போது வருகிறாய்?

ஜீவா


கொழும்பு
23.9.2025

அன்புள்ள ஜீவா,

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இதைச் சொல்லக் காகிதம்தான் வேண்டும்.

இன்று காலை ஒவ்வொருத்திக்கும் அவளவளுடைய புள்ளித் தாளை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பிரிக்க அரை மணி நேரம் எடுத்தேன். என்னுடையது பதினைந்தாம் இடம்! அறுபத்து நாலில் பதினைந்து! பதினேழாவதாக வந்தவள் தன் தாளைக் காட்டினாள், அவளுக்கும் எனக்கும் ஒரு முழுப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

தாளை அப்படியே இதோடு வைக்கிறேன், நீ உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பாய் என்று தெரியும். மாலை உடுப்பு நடுத்தரம். நீச்சல் உடுப்பில் அடி விழுந்திருக்கிறது, மூன்றாம் நடுவர் பத்துக்கு நாலு போட்டிருக்கிறார். வழுக்கியதைப் பார்த்த ஆள். குறைவானதை வெட்டுவதால் அந்த நாலு போய்விட்டது, இல்லாவிட்டால் நான் பதினாறுக்கு வெளியே. ஆனால் நேர்முகத்தைப் பார். ஏழு பேரும் ஒன்பதை ஒட்டி. அறுபத்து நாலு பேரில் நான் இரண்டாவது. கீழே ஒரு நடுவர் பென்சிலில் '411' என்று எழுதிவிட்டு வேறொன்றும் எழுதவில்லை.

உன் ஒரே போன்தான் என்னை உள்ளே கொண்டுபோனது ஜீவா. நீ நூறு போனில் சரியாகப் போட்டிருந்தால் அந்த அம்மா என்னிடம் உலக சமாதானத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். நானும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு வந்திருப்பேன்.

வியாழக்கிழமை நிரஞ்சனுடைய பஸ்ஸில் வருகிறேன். அண்ணன் வீட்டில் இருந்தால் நான் முதலில் பிரேமினி வீட்டுக்குப் போகிறேன், நீ சொல்லியனுப்பு.

பூரணி


டிக்கோயா
24.9.2025

அன்புள்ள பூரணி,

கூட்டிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. செக்ரோலுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தேன், பதினைந்துதான். பெரட்டில் வாசித்தேன். உன் நேர்முகப் புள்ளியை வாசித்தபோது எல்லோரும் தங்கள் பெயரை நான் வாசித்த மாதிரி நின்றார்கள்.

அதற்கு மேல் எழுத எனக்கு இடமில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்தால் உன் அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேனாவைக் கேட்டார். மீதியை அவரே எழுதுகிறாராம்.

ஜீவா

தங்கச்சி,

புள்ளித் தாளைப் பார்த்தேன். நீச்சல் உடுப்புக்கு நாலு போட்டது யார்? மூன்றாம் நடுவர் என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. வெட்டிவிட்டார்கள், அது கணக்கில் இல்லை என்று ஜீவா சொல்கிறாள். வெட்டினால் சரியாகிவிடுமா, போட்டது போட்டதுதானே? புதன்கிழமையும் நான் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். புதன்கிழமை அந்த மூலையில் தரை ஈரம். உனக்கு முன்னால் போன இரண்டு பேருக்கும் அதே இடத்தில் வழுக்கியது, அவர்களுக்கு அந்த ஆள் எவ்வளவு போட்டார்? நீ அந்த இடத்தில் சமாளித்துத் திரும்பின மாதிரி ஒருத்தியும் திரும்பவில்லை. இதற்கு மேலே எழுதிக் கேட்க இடம் இருக்கிறதா என்று வருவதற்கு முன்னால் விசாரித்துக்கொண்டு வா. இல்லை என்றால் அந்த ஆளின் பெயரையாவது கேட்டு வா.

யோகேஸ்வரன்